கொலை வழக்கில் தகவலுக்குச் சன்மானம்: யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் பல வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். கொலை வழக்குச் சன்மானத்தைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் கதிரையில் இருந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணை, உண்மையாக் காசு தருவினமோ?” இரண்டாவது கேள்வி அவர்கள் எழும்பிப் போகும்போது, கதவடியில் நின்று, தாழ்ந்த குரலில் வரும்: “என்ர பேர் வெளியில வருமோ?”

இரண்டும் ஒரே முடிச்சு. பேரை முழுதாக மறைத்துவிட்டால் இங்கே காசைக் கேட்பதற்கு ஆளில்லை. காசு வேண்டுமென்றால் குறைந்தது ஓர் அதிகாரிக்காவது நீங்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார், அவரிடம் எதை, எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் கொடுப்பது என்றாலே எங்கள் ஊரில் ஒரு கூச்சம் உண்டு. இராணுவச் சுற்றிவளைப்பில், தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடிக்கொண்டு இருந்த தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தத் தலையாட்டலுக்குக் காரணமும் இல்லை, கணக்கும் இல்லை. கொலை வழக்கில் நீங்கள் சொல்வது எழுத்தில் பதியப்படும், சோதிக்கப்படும், பொய்யென்றால் உங்கள் மேலேயே திரும்பும். அதோடு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, கொலை நடந்தது தெரிந்தவர் நியாயமான காரணம் இல்லாமல் சொல்லாமல் இருக்கக் கூடாது. அதாவது சன்மானம் இல்லாவிட்டாலும் அந்தக் கடமை இருக்கிறது.

முதற்படி: அறிவித்தலைச் சரியாக வாசியுங்கள்

இலங்கையில் கொலைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் பொலிஸார் தனியாக அறிவிப்பார்கள். பெரும்பாலும் அது சந்தேகநபர் தலைமறைவான பிறகுதான் வரும். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி போல உடுத்து வந்த ஒருவர் வழக்குக்குக் கொண்டுவரப்பட்ட சந்தேகநபரைச் சுட்டுக் கொன்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் உதவியதாகத் தேடப்பட்ட பெண்ணைப் பற்றிய தகவலுக்குப் பொலிஸார் 12 இலட்சம் ரூபா அறிவித்தார்கள். அவர் ஒக்டோபர் மாதம் நேபாளத்தில் பிடிபட்டார்.

அந்த அறிவித்தல் ஆளைப் பிடிப்பதற்கானது. “கொலைகாரர் யார்” என்று கேட்கும் அறிவித்தல் வேறு. “குற்றவாளியாகத் தீர்ப்பாகும் வகையில்” என்ற நிபந்தனை இருந்தால் அது இன்னும் வேறு. வழக்கு முடியும்வரை, சில வேளை மேன்முறையீடும் முடியும்வரை, ஒரு சதமும் வராது. “வரை” என்ற சின்னச் சொல்லையும் கவனியுங்கள். 10 இலட்சம் வரை என்றால் 50 ஆயிரமும் அதற்குள் அடங்கும். பலர் தகவல் கொடுத்திருந்தால் பங்கு பிரியும். கொடுப்பதா, எவ்வளவு என்பதைப் பொலிஸ் தலைமையே தீர்மானிக்கும்; சம்பளம் போல உரிமையாகக் கேட்கக்கூடிய ஒன்றல்ல இது.

பத்திரிகையில் வந்த அறிவித்தலை வெட்டி வையுங்கள். இணையத்தில் வந்ததென்றால் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கோரிக்கை எழுதும்போது அந்தத் துண்டு இல்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி: நீங்கள் தகவலாளியா, சாட்சியா?

ஆட்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

தகவலாளி வழி காட்டுகிறவர். “இன்ன ஆள் இன்ன வீட்டில் ஒளிந்திருக்கிறார்”, “அந்த மோட்டார் சைக்கிள் இன்ன கராஜில் நிறம் மாற்றப்பட்டது” என்பவை வழி காட்டும் தகவல்கள். பொலிஸார் அதைப் பின்தொடர்ந்து தாங்களே ஆதாரம் தேடிக்கொள்வார்கள். நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகத் தேவை வராமலே முடியலாம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, குற்றம் பற்றிய தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்தப் பொலிஸ் அதிகாரியையும் நீதவானையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி எவ்வளவு குடைந்தாலும் அதிகாரி வாய் திறக்க வேண்டியதில்லை.

சாட்சி வேறு. கத்தியோடு ஓடியவரை நீங்களே கண்டிருந்தால், கொலை செய்தவர் உங்களிடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அந்தத் தகவலின் பெறுமதியே நீங்கள் கூண்டில் ஏறிச் சொல்வதில்தான் இருக்கிறது. உங்கள் பேர் சாட்சிப் பட்டியலில் வரும். எதிரிக்கும் தெரியும். இதை மறைத்து “ஒண்டும் வராது, நீங்கள் சொல்லுங்கோ” என்று யாராவது சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

சாட்சிக்குச் சன்மானத்தால் ஒரு சிக்கலும் உண்டு. குறுக்கு விசாரணையில் “காசுக்காகத்தானே சொல்கிறீர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். சிட்னியில் 1988இல் ஒரு அமெரிக்க மாணவர் கடற்கரைப் பாறையின் அடியில் இறந்து கிடந்தார். முதலில் தற்கொலை என்றே முடிவு செய்தார்கள். 2018இல் பொலிஸார் 10 இலட்சம் டொலர் அறிவித்தார்கள். 2020இல் இறந்தவரின் சகோதரர் அதை இரட்டிப்பாக்கினார். கொலை செய்தவரின் முன்னாள் மனைவி 2019இல் பொலிஸுக்குச் சொல்லியிருந்தார். சாட்சி சொல்ல வந்தபோது அவரிடம் காசைப் பற்றித்தான் குடைந்தார்கள். தான் பொலிஸுக்குச் சொன்னபோது சன்மானம் பற்றித் தெரியாது, அது இரட்டிப்பான பிறகே அறிந்தேன் என்று அவர் பதில் சொன்னார். அப்படிப் பதில் சொல்ல உங்களுக்கும் ஒரு நாள் வரலாம். ஆகவே எப்போது, எதை, யாரிடம் சொன்னீர்கள் என்பது திகதியோடு பதிவாகி இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: வாயைத் திறக்குமுன் பேனையைத் திறவுங்கள்

ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். இடப்பக்கம் உங்கள் கண் கண்டது, காது கேட்டது. வலப்பக்கம் மற்றவர் சொல்லித் தெரிந்தது, யார் சொன்னது என்ற விபரத்தோடு. ஊகத்தை எழுதவே வேண்டாம். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் தெரிந்ததோடு கட்டுங்கள்: கோயிலில் பூசை மணி கேட்ட பிறகு, கரண்ட் நின்ற நேரம், கடைசி பஸ் போன பின்னர். விசாரணை அதிகாரிக்கு “ஏழரை இருக்கும்” என்பதைவிட இது உதவும். கரண்ட் நின்ற நேரத்தை வேறு இடத்தில் சரிபார்க்கலாம் அல்லவா.

கைபேசியில் படமோ குரல்பதிவோ இருந்தால் மூலத்தைத் தொடாதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்கள் அழிந்துவிடும். போனை விற்காதீர்கள். ஒளித்து வைத்த ஆயுதம், இரத்தம் பட்ட உடுப்பு என்று எதையாவது கண்டால் எடுத்துப் பத்திரப்படுத்தப் போகாதீர்கள். இடத்தை மட்டும் சொல்லுங்கள். எடுத்தால் உங்கள் கைரேகைதான் முதலில் வரும்.

அப்புறம், குழுக்களில் போடாதீர்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் இருக்கும் ஊர்ச்சங்க வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால், அது சுற்றிக்கொண்டு கொலை செய்தவரின் மச்சானிடம் போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். தேத்தண்ணிக் கடைக்கும் இதே விதிதான்.

நான்காவது படி: யாரிடம் கொடுப்பது?

ஊர்ப் பொலிஸ் நிலையம் முதல் வழி. ஆனால் வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் விஷயத்தைச் சொல்லாதீர்கள். “பொறுப்பதிகாரியைத் தனியாகச் சந்திக்க வேண்டும்” என்பது மட்டும் போதும். நிலையத்துக்குள் போவதையே நாலுபேர் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால், யாழ்ப்பாணத்தில் உள்ள மேலதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போகலாம்; அங்கே காணி, தொலைந்த கடவுச்சீட்டு என்று ஆயிரம் அலுவலுக்கு ஆட்கள் வருவார்கள். வழக்கு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கையில் என்றால் நேரடியாக அவர்களிடம். ஆபத்து உடனடியானது, ஆள் தப்பப் போகிறான் என்றால் 119.

பொலிஸாரிலேயே சந்தேகம் என்றால்? எங்கள் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வி. அதற்கு நீதவான் இருக்கிறார். விசாரணையோ வழக்கோ தொடங்குமுன் ஒருவர் நேரில் சொல்லும் வாக்குமூலத்தை நீதவான் பதிவு செய்ய, அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சட்டத்தரணி மூலமாகப் போவது நல்லது. கையில் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தைக் கேட்கலாம். பொலிஸாரே உங்களை மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996.

மொட்டைப் பெட்டிசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பெட்டிசம் அடிப்பது ஒரு கலை. பேரில்லாத கடிதத்தையும் பொலிஸார் வாசிப்பார்கள், சில நேரம் அதிலிருந்து வழக்கே துலங்கும். ஆனால் மேலதிகமாக ஒன்றும் கேட்க ஆளில்லாததால் பெரும்பாலும் கோப்புக்குள் தூங்கும். சன்மானமும் அதற்கு வராது. கனடாவில் பேர் கேட்காமல் தகவல் வாங்கும் “கிரைம் ஸ்டொப்பர்ஸ்” அமைப்பினர் இந்த முடிச்சை ஒரு இலக்கத்தால் அவிழ்த்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது படி: வாக்குமூலம்

ஒரு முறை ஓர் ஐயா, தான் கையெழுத்து வைத்த வாக்குமூலத்தின் பிரதியோடு வந்தார். சிங்களத்தில் இருந்தது. எங்கள் சட்டத்தரணி வாசித்து மொழிபெயர்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. “தம்பி, நான் சத்தம் கேட்டது எண்டெல்லோ சொன்னனான், ஆளைக் கண்டது எண்டு எழுதியிருக்கு!” வேண்டுமென்றே மாற்றினார்களா, மொழி விளங்காமல் எழுதினார்களா தெரியாது. அதைச் சரிக்கட்ட இரண்டு வருடம் போனது.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம். வாய்மூலம் கொடுக்கும் தகவலை, சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். “தமிழில் எழுதுங்கள்” என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் அப்போது இல்லையென்றால், இன்னொரு நேரம் வருகிறேன் என்று சொல்லலாம். அல்லது உங்கள் கைப்படத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத்து மூலத் தகவலும் சட்டப்படி தகவல்தான். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். பிழையைக் கண்டால் வெட்டித் திருத்தச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வையுங்கள்.

வெளியே வரும்போது பொலிஸ் தகவல் புத்தகத்தில் பதிந்த இலக்கம், திகதி, அதிகாரியின் பேர், பதவி நான்கையும் உங்கள் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேண்டாதவர் மேல் பழிபோட இது வழியல்ல. ஒருவருக்குத் தீங்கு வர வேண்டுமென்று தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவின் கீழ் குற்றம். வேலிச் சண்டைக்காரரைக் கொலை வழக்கில் மாட்டப் பார்த்து, கடைசியில் தானே பிணை எடுக்க ஆள் தேடியவரும் எங்கள் வாசலுக்கு வந்ததுண்டு.

ஆறாவது படி: சன்மானத்தைக் கேட்பது

கேட்காமல் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். தகவல் கொடுக்கும்போதே, “இன்ன திகதி அறிவித்தலின்படி இந்தத் தகவலைத் தருகிறேன்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சந்தேகநபர் பிடிபட்டதும் ஒரு பக்கக் கடிதம்: அறிவித்தலின் திகதி, நீங்கள் தகவல் கொடுத்த திகதி, பெற்ற அதிகாரி, அதன்பின் நடந்தது. கொலையைப் பற்றிய விபரம் அந்தக் கடிதத்தில் வேண்டவே வேண்டாம், அது பல மேசைக்குப் போகும். பதிவுத் தபாலில் அனுப்பினால் பற்றுச்சீட்டு கிடைக்கும். பேர் பற்றிய பயம் அதிகமென்றால் சட்டத்தரணி தன் பெயரில் “என் கட்சிக்காரர்” என்று எழுதலாம்.

எந்த அதிகாரியாவது “பாதி எனக்கு” என்றால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. அதே போல, “உங்களுக்குச் சன்மானம் விழுந்திருக்கு, முதலில் இவ்வளவு கட்டுங்கள்” என்று போன் வந்தால் சந்தேகமே வேண்டாம், கள்ளர்தான்.

மிரட்டல் வந்தால்

குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் முதலில் 2015இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். இதற்கென்று ஒரு தேசிய அதிகாரசபையும் பொலிஸில் ஒரு தனிப் பிரிவும் இருக்கின்றன. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். வேறிடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சி சொல்லவும் வழி உண்டு.

கடதாசியில் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன ஊரில் பொலிஸ் வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றாலே அது ஓர் அறிவித்தல். ஆகவே பாதுகாப்புக் கேட்கும்போது எந்த வடிவத்தில் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வீட்டுக்கு வர வேண்டாம், இன்ன இலக்கத்துக்கு மட்டும் கதையுங்கள் என்று. ஒவ்வொரு மிரட்டலையும் திகதியோடு குறியுங்கள். போனில் வந்தால் அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள்.

கொலை வெளிநாட்டில் நடந்திருந்தால்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ரொறன்ரோ கொலையைப் பற்றித் தெரிந்திருப்பது இந்தக் காலத்தில் புதுமையில்லை. கனடாவில் கிரைம் ஸ்டொப்பர்ஸுக்குச் சொன்னால் ஓர் இரகசிய இலக்கம் தருவார்கள். பேர் கேட்பதில்லை. கைது நடந்தாலே போதும், 2,000 டொலர் வரை கிடைக்கலாம். அதை வாங்குவதற்கும் இலக்கம்தான் அடையாளம். தகவலாளியின் அடையாளத்துக்கு அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 1997இல் உறுதியான பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. இது தவிர ஒன்ராறியோ அரசாங்கம் தெரிந்தெடுத்த கொலை வழக்குகளுக்கு 50,000 டொலர் வரை அறிவிப்பதுண்டு. அவுஸ்திரேலிய மாநிலங்களில் 10 இலட்சம் டொலர் வரை போகும். ஆனால் அது பொதுவாகத் தீர்ப்போடு கட்டுண்டது. தெற்கு அவுஸ்திரேலியாவில் துலங்காத வழக்குகளின் படங்களைச் சீட்டுக்கட்டில் அச்சடித்துச் சிறைக்குள் கொடுத்தார்கள். சீட்டு விளையாடும்போது யாராவது வாய்விடுவான் என்ற கணக்கு. எங்கள் ஆட்களும் 304 விளையாடும்போது அவிழ்க்காத இரகசியம் இல்லை, அந்த யோசனை பிழையில்லை.

பெரிய தடை காசு இல்லை, விசா. ரொறன்ரோவில் எட்டு ஆண்களைக் கொன்ற தோட்டக்காரர் 2018 ஜனவரியில் பிடிபட்டார். அந்த எட்டுப் பேரில் ஒருவர் 2010இல் தமிழ் அகதிகளை ஏற்றிச் சென்ற சன் சீ கப்பலில் போன தமிழர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் என்பதால் ஒளிந்திருக்கிறார் என்றே வீட்டார் நினைத்தார்கள். காணவில்லை என்ற முறைப்பாடே போடப்படவில்லை. பொலிஸார் பேர் தெரியாத அவருடைய படத்தை மார்ச் மாதம் வெளியிட்டு, ஏப்ரலில்தான் யார் என்று கண்டறிந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளை மூன்று மாதம் போன் எடுக்கவில்லை என்றால், விசாவை நினைத்துப் பேசாமல் இருக்காதீர்கள்.

நீங்களும் கொஞ்சம் சம்பந்தப்பட்டிருந்தால்

வாகனம் ஓட்டினேன், வாசலில் நின்றேன், என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது என்பவர்கள் ஒரு சொல்கூடப் பொலிஸில் சொல்லுமுன் சட்டத்தரணியைப் பாருங்கள். உள்ளதை முழுதாகச் சொல்வதென்ற நிபந்தனையோடு சட்டமா அதிபர் மன்னிப்பு வழங்கி அரச சாட்சியாக்க அதே 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 256ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பொலிஸ் அதிகாரிக்கு அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் அதிகாரம் இல்லை, “நான் பாத்துக்கொள்ளுறன்” என்று அவர் எத்தனை தரம் சொன்னாலும்.

பழைய கொலைகள்

கொலைக்குக் காலாவதி இல்லை. மற்றக் குற்றங்கள் பொதுவாக 20 வருடத்தில் செத்துப்போகும். கொலை வழக்கு எத்தனை வருடமானாலும் தொடரலாம். ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இங்கே அந்த வழக்கு ஒரு முடிவுக்கும் வரவில்லை. 2022 பெப்ரவரியில் லண்டன் மாநகரப் பொலிஸாரின் போர்க்குற்றப் பிரிவு அது தொடர்பில் இங்கிலாந்தில் ஒருவரைக் கைதுசெய்து, தெரிந்தவர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டது. அந்த நேரம் அயலில் இருந்து இப்போது லண்டனில் வாழ்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழி விஷயத்தில் காசுக் கதைக்கே இடமில்லை. ஆனால் தகவலுக்கு அங்கேதான் அதிக தேவை. 1998இல் பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவக் கோப்ரல் நீதிமன்றத்தில் சொன்ன தகவலால்தான் 1999இல் அங்கே தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். 2025இல் செம்மணியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டியபோது 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிமன்றத்தின் உத்தரவில் அங்கு கிடைத்த உடுப்பு, பொருட்களை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

அங்கே போய் அழுதுவிட்டு வந்தவர்கள் பலர். உங்கள் வீட்டில் ஒருவர் காணாமற்போயிருந்தால் கொப்பியை எடுத்து இவற்றை எழுதுங்கள்: போன அன்று உடுத்திருந்த உடுப்பின் நிறம், தைத்த கடை, பொத்தான் மாற்றியதா, எந்தக் கால் முறிந்து பொருந்தியது, எந்தப் பல் கட்டியது, கழுத்தில் நூலா சங்கிலியா, பள்ளிப் பையில் என்ன இருந்தது. அம்மாமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குத்தான் பொத்தானின் நிறம் நினைவிருக்கும். எழுதியதை ஒரு பிரதி வைத்துக்கொண்டு, சட்டத்தரணி மூலம் யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்கோ, காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கோ கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.